வெள்ளோட்டம்

அண்ணாமலையை வலம்வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது முறை. அந்தப் பாதையில் ஒரு ஜீப் சுற்றி வந்தால் அதன் இடப்பக்கச் சக்கரங்கள் வெளிவட்டத்திலும் வலப்பக்கச் சக்கரங்கள் உள்வட்டத்திலும் உருளும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், புறப்பட்ட இடத்துக்கு வண்டி திரும்பும்போது இடச் சக்கரம் வலச் சக்கரத்தைவிடச் சுமார் ஒன்பதரை மீட்டர் கூடுதலாக நடந்திருக்கும். மலை எவ்வளவு பெரிது, பாதை எத்தனை இடத்தில் நெளிகிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. ஒரு முழுச் சுற்று சுற்றியதற்கு உரிய கூலி அது. எந்த மலையைச் சுற்றினாலும் அதே ஒன்பதரை மீட்டர்தான். ஒரே ஆக்சிலில் மாட்டிய இரண்டு சக்கரங்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு தூரம் போயாக வேண்டும் என்ற இந்தச் சிக்கலைத் தீர்க்கவே டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரக் கூடு வந்தது. பிரான்சு நாட்டுக் கடிகாரக் கைவினைஞர் ஒனெசிஃபோர் பெக்கூர் 1827இல் நீராவி வண்டிக்காக அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சக்கரம் முந்தினால் மற்றது அதே அளவு பிந்த அது இடம் கொடுக்கும். விசையை மட்டும் இரண்டுக்கும் சமமாகப் பகிரும்.

அந்தச் சமப் பங்கீடே சேற்றில் வினையாகிவிடுகிறது. மலைக்குப் பின்புறம், அடி அண்ணாமலை என்ற ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் மழை பெய்து நிலம் இளகிய நாளில் ஒரு சக்கரம் பிடிப்பை இழந்தால், அது வெறுமனே சுழலுவதற்கு வேண்டிய அற்ப விசை எவ்வளவோ அவ்வளவுதான் கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் கிடைக்கும். உறுதியாக நிற்கும் கால், வழுக்கும் காலின் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. எஞ்சின் எவ்வளவு முழங்கினாலும் வண்டி நகராது. ஆன்மா தான் எதைச் சார்கிறதோ அதன் வண்ணம் ஆகும் என்று சைவ சித்தாந்தம் சொல்வதை இரும்பில் வார்த்துப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு மாற்றாக வந்தது டிஃப் லாக். இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டுபோலப் பிணைத்துவிட்டால், ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுக்கும். நம் உழவர்களுக்கு இது புதிதன்று. டிராக்டரில் குதிகாலுக்கு எட்டும் இடத்தில் அதற்கென்று ஒரு பெடல் உண்டு. சேற்றுழவில் ஒரு பக்கம் சிக்கினால் அதை மிதிப்பார்கள், வரப்போரம் திரும்புவதற்கு முன் காலை எடுத்துவிடுவார்கள். காட்டுவழி வண்டிகளில் ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு முன்னும் பின்னும் கையால் பூட்டும் லாக் இருக்கிறது. 2020இல் வந்த மஹிந்திரா தாரின் உயர் வகைகளில், சக்கரங்களின் வேக வித்தியாசத்தை உணர்ந்து தானே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு பின் ஆக்சிலில் வந்தது. வேறு சில வண்டிகளில் பொத்தானை அழுத்தினால் டேஷ்போர்டில் ஒரு சிறு விளக்கு எரியும்.

அந்த விளக்கைப் பற்றித்தான் நான் யோசிக்க விரும்புகிறேன். விளக்கு எரிகிறது என்றால் பூட்டு விழுந்துவிட்டது என்று பொருளா? பல அமைப்புகளில் அந்த விளக்கு சொல்வது பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே. கட்டளை போயிருக்கிறது; உள்ளே பற்கள் ஒன்றோடொன்று கோத்தனவா என்பது வேறு செய்தி. காற்றழுத்தத்தால் இயங்கும் லாக்கில் ஒரு சிறு ரப்பர் வளையம் தேய்ந்து காற்று கசிந்தாலும் விளக்கு எரியும், கம்ப்ரசர் அடிக்கடி ஓடும், பூட்டு மட்டும் விழாது. பற்கள் நேருக்கு நேர் நிற்காவிட்டால் வண்டி ஓரடி உருளும்வரை கோக்காமல் காத்திருக்கும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் விளக்கை நம்பி மலையேறுவதில்லை. சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் தூக்கி ஆக்சிலுக்கு அடியில் உறுதியான தாங்கி வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, லாக்கைப் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். மற்றச் சக்கரம் அதே திசையில் கூடவே சுற்றினால் பூட்டு விழுந்திருக்கிறது. லாக்கை எடுத்துவிட்டு, கியரில் நிறுத்திச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் போக வேண்டும். அப்படிப் போனால்தான் பூட்டு முழுதாக விடுபட்டிருக்கிறது. ஒற்றைச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓட்டி, கியரைப் போட்டுச் சோதிப்பது பேராபத்து. பூட்டு உண்மையிலேயே விழுந்திருந்தால் தரையில் இருக்கும் சக்கரம் வண்டியையே ஜாக்கியிலிருந்து தள்ளிக்கொண்டு பாய்ந்துவிடும்.

இனி கேள்விக்கு வருகிறேன். ஒருவர் தம்முள் சரணாகதி நிகழ்ந்துவிட்டது, பற்று விட்டுப்போயிற்று, மனம் ஒருமைப்பட்டுவிட்டது என்று உணர்கிறார். உள்ளே ஒரு விளக்கு எரிகிறது. அந்த விளக்கையே சான்றாகக் கொள்ளலாமா, அல்லது சுமை ஏற்றிப் பார்க்க வேண்டுமா? சமதரையில் பூட்டிய வண்டியும் பூட்டாத வண்டியும் நேர்க்கோட்டில் ஒரே மாதிரிதான் ஓடும். சுகமான நாளில் சரணடைந்தவரும் சரணடைந்ததாக எண்ணிக்கொண்டிருப்பவரும் ஒரே மாதிரிதான் திருநீறு பூசிக்கொள்கிறார்கள். வேறுபாடு ஒரு சக்கரம் தரையை இழக்கும் கணத்தில்தான் வெளிப்படும். சோதிக்க வேண்டும், அதுவும் அந்தக் கணம் வருவதற்கு முன்பே சோதிக்க வேண்டும், அப்படிச் சோதிப்பது பக்திக்குக் குறைவன்று என்பது என் முடிவு. அதற்கு அண்ணாமலையே முதல் சான்று.

திருவண்ணாமலையின் மூலக்கதையை எண்ணிப் பாருங்கள். அடிமுடி காணமுடியாத சோதியாய் இறைவன் நின்றபோது திருமால் பன்றியாய் அடியைத் தேடிப் போனார். காணவில்லை என்று திரும்பி வந்து ஒப்புக்கொண்டார். பிரம்மன் அன்னமாய் முடியைத் தேடிப் பறந்தான். காணாமலே கண்டேன் என்றான், கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்தான். தாழம்பூவும் ஆமென்றது. அந்தப் பொய்ச்சாட்சிக்காகவே சிவபூசையில் தாழம்பூவுக்கு இடமில்லை என்பது மரபு. இந்தக் கதையைச் செருக்குக்கு விழுந்த அடி என்றே பெரும்பாலும் படிக்கிறோம். எனக்கு அது சான்றைப் பற்றிய கதையாகவும் படுகிறது. எரியக் கூடாத நேரத்தில் எரிந்த விளக்கு அந்தத் தாழம்பூ. எட்டவில்லை என்ற உண்மையான செய்தியோடு வந்தவருக்குக் குறை நேரவில்லை. எட்டிவிட்டேன் என்ற பொய் அறிவிப்புதான் தண்டிக்கப்பட்டது. அதைவிட வியப்பானது ஒன்று உண்டு. மலைக்குப் பின்னால் அடி அண்ணாமலையில் இருக்கும் அருணாசலேசுவரர் லிங்கத்தை நிறுவி வழிபட்டவன் அதே பிரம்மன் என்பது தலவழக்கு. ஊர்ப்பெயரை ஆதி அண்ணாமலை என்றும் எழுதுகிறார்கள். எது முந்திய வடிவம் என்ற ஆராய்ச்சிக்குள் போகாமல், முடியைக் கண்டதாகச் சொன்னவன் கடைசியில் அடியின் பெயர்கொண்ட ஊரில் வந்து நிற்கிறான் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பொய்யான அறிவிப்பு கலைந்த இடத்தில்தான் அவனுடைய வழிபாடு தொடங்குகிறது.

உள்ளுணர்வு எப்படித் தவறும், நான் பக்தியோடு இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்கலாம். 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அளவையைப் பற்றிப் பேசுகிறார். காட்சி, கருதல், உரை என்று அறியும் வழிகளை வகுத்து, காட்சியிலேயே வாயில், மானதம், தன்வேதனை, யோகம் என்று நால்வகை காண்கிறார். ஐயமும் திரிபும் உண்டென்று எச்சரித்துவிட்டே மேலே போகிறார். ஒருவர் தம் இன்பதுன்பங்களைத் தாமே உணர்வது தன்வேதனைக் காட்சி. உருக்கம் இருக்கிறது என்ற அளவில் அது பிழைக்காது. கண்ணில் நீர் வந்தால் நீர் வந்ததுதான். ஆனால் அந்த உருக்கம் என் முழுவாழ்வையும் பிணைத்துவிட்டது என்று நான் மேலும் ஒரு படி போகும்போது காட்சியைக் கடந்து கருதலுக்குள் நுழைந்துவிடுகிறேன். கருதலுக்குக் குறி வேண்டும், நெருப்புக்குப் புகையைப் போல. பொத்தான் அழுத்தப்பட்டதை உணர்வது ஒன்று, பற்கள் கோத்ததை அறிவது இன்னொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதே திரிபு.

இதற்கு எதிராக எழும் மிகப் பழைய மறுப்பு, சோதிப்பது நம்பிக்கையின்மை என்பது. இறைவன் அடியாரைச் சோதிக்கலாம், அடியார் சோதிக்கலாமா? இந்த மறுப்பில் சோதிக்கப்படுவது யார் என்பது இடம் மாறிவிட்டது. இறைவனை நம்புவது ஒன்று. என்னைப் பற்றி நானே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றை நம்புவது முற்றிலும் வேறு. இரண்டாவதை ஐயுறுவது முதலாவதை ஐயுறுவது ஆகாது. நம் கோயில்கள் இதை நன்கு அறிந்திருக்கின்றன. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. அவற்றில் பெரியதான மகா ரதத்தைச் சீரமைத்தபின், சுவாமியை ஏற்றுமுன், 2024 நவம்பரில் அதே வீதியில் வெறும் தேராக இழுத்துப் பார்த்தார்கள். வெள்ளோட்டம் என்பது அதன் பெயர். தச்சருக்கு நம்பிக்கை இல்லாததாலா அது? அச்சு நேராக இருக்கிறதா, சக்கரத்தின் முன் முட்டுக்கட்டை போட்டால் தேர் நிற்கிறதா, முடுக்கில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் திரும்புகிறதா என்று பார்க்காமல் சுவாமியை மேலே எழுந்தருளச் செய்வதுதான் அவமரியாதை. வெள்ளோட்டம் விழாவுக்கு வெளியே நிற்கும் ஒரு பொறியியல் வேலை என்று நான் கருதவில்லை; பூசையோடு தொடங்கும் அது வழிபாட்டின் ஒரு பகுதி. பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த மண் கண்டிருக்கிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் விழாத் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அவர்களுடைய பக்தியில் எள்ளளவும் குறை இல்லை. அதனாலேயே அந்தச் சாவு நெஞ்சை அறுக்கிறது.

அடுத்த மறுப்பு இன்னும் நுட்பமானது. தேரும் ஜீப்பும் இரும்பும் மரமும். அருளை ஜாக்கியில் தூக்கி வைத்துச் சுற்றிப் பார்க்க முடியுமா? எந்திர உவமை ஆன்மிகத்தைக் கீழிறக்காதா? உவமைக்கு எல்லை உண்டென்பதை மறுக்கவில்லை. ஆனால் 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊருக்கு வந்து, 1950இல் உடல் விடும்வரை இம்மலையை நீங்காத ரமணரே வண்டி உவமையைத் தள்ளிவிடவில்லை. நான் யார் என்ற சிறு நூலில் ரயிலில் ஏறிய பிறகும் தன் மூட்டையைத் தலையிலேயே சுமந்துகொண்டிருக்கும் பயணியைக் காட்டுகிறார். அது ஒரு சோதனை அன்றி வேறென்ன? ஏறிவிட்டேன் என்பது அறிவிப்பு. மூட்டை இன்னும் தலையில் இருக்கிறதா என்பது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய குறி. உள்ளே நடப்பதை நேரடியாக அளக்க முடியாதபோது வெளியே எது கூடவே சுற்றுகிறது என்று பார்க்கிறோம். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மறுசக்கரமும் கூடவே வர வேண்டும்; மனத்தில் சரணம் என்றால் நாக்கும் கையும் பணப்பையும் கூடவே வர வேண்டும். மனம் ஒரு திசையிலும் கை எதிர்த்திசையிலும் சுழன்றால் என்ன விளக்கு எரிந்தாலும் பூட்டு விழவில்லை.

சேக்கிழார் பாடிய இளையான்குடி மாறனாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. செல்வம் நிறைந்த நாளில் அவர் அடியார்களுக்கு அமுதளித்தார். அது மெய்யான ஈகையா, வசதியின் பழக்கமா என்று அப்போது யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது, அது சமதரை. செல்வம் போயிற்று. நள்ளிரவில், கொட்டும் மழையில், பட்டினியாய்க் கிடந்த வீட்டுக்கு ஓர் அடியார் வந்தார். மாறனார் இருட்டில் வயலுக்குப் போய், அன்று பகலில் விதைத்த நெல்லைச் சேற்றிலிருந்து வாரிக்கொண்டு வந்தார். அடுப்புக்கு விறகில்லை, கூரைக் கழியை அறுத்தார். ஒவ்வொரு பிடிமானமாக நழுவிக்கொண்டே போகும்போதும் மிச்சமிருந்த பிடிமானத்தில் முழு விசையும் இறங்கியது. இங்கே சோதித்தவர் இறைவன்; நாமே நம் வீட்டுச் செல்வத்தைத் தொலைத்துவிட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. வண்டியைப் பள்ளத்தில் தள்ளித்தான் லாக்கைப் பார்ப்பேன் என்பவன் மூடன். இரண்டு சக்கரத்தையும் தூக்கி, தாங்கி கொடுத்து, கையளவு விசையில் பார்ப்பதுபோல வாழ்வில் சிறிய சுமைகள் நாள்தோறும் கிடைக்கின்றன. நம் பெயர் சொல்லப்படாத ஒரு பாராட்டுக் கூட்டம் போதும். கிரிவலத்தில் முண்டியடித்து முன்னே போகும் ஒருவர் போதும்.

தர்க்கம் அறிந்தவர்கள் எழுப்பும் மறுப்பும் இருக்கிறது. சோதனை சரியா என்பதை எதைக் கொண்டு சோதிப்பது? அதைச் சோதிக்க இன்னொன்று, அதற்கும் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகாதா? இந்தியத் தத்துவத்தில் இது பெரும் வழக்காக நடந்தது. ஓர் அறிவு உண்மை என்பது அதன்மேல் செயல்பட்டு, செயல் பலித்ததால் உறுதியாகிறது என்பது நியாய பாடியம் எழுதிய வாத்ஸ்யாயனர் வழிவந்த நியாயவாதிகள் கட்சி. அறிவு தன்னளவிலேயே செல்லும், அதைப் பொய்யாக்கும் காரணம் வந்தால் மட்டும் கைவிட வேண்டும் என்பது குமாரிலர் முதலிய மீமாம்சகர் கட்சி. நான் நியாயத்தின் பக்கம் சாய்கிறேன். ஆனாலும் மீமாம்சகர் எச்சரிக்கையில் ஒரு பாதி உண்மை என்று ஏற்கிறேன். ஓயாமல் தன்னைச் சோதிப்பவன் ஒருநாளும் வண்டியைக் கிளப்ப மாட்டான். மேலும், சோதனை பொருளுக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் நல்ல பூட்டையும் கெட்டது என்று தள்ளிவிடுவோம். தானே பூட்டும் வகை லாக்கில் உள்ளே எடைக்கட்டைகள் இருக்கின்றன. இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்றை எட்டினால்தான் அவை விரிந்து பூட்டும். அந்த வண்டியை ஜாக்கியில் தூக்கி மெல்லக் கையால் சுற்றினால் பூட்டே இல்லாததுபோல நடந்துகொள்ளும். குறை பூட்டில் இல்லை, பார்த்த விதத்தில் இருக்கிறது. சிலருடைய பக்தியும் அப்படிப்பட்டது. அன்றாடத்தில் எந்த அடையாளமும் காட்டாமல் இருந்து, இடர் வந்த நொடியில் முழுவதாக இறுகும். ஆகவே நான் வேண்டுவது தன் வண்டியின் வகை தெரிந்து பார்ப்பதை மட்டுமே. அடுத்தவர் வண்டியை ஜாக்கியில் தூக்க எனக்கு உரிமை இல்லை என்பதும் இதிலேயே அடங்கும். மாறனாரை அவர் அண்டை வீட்டார் யாரும் சோதிக்கவில்லை.

தீபத்தன்று மலையுச்சியில் ஏற்றும் விளக்கும் வெறும் அடையாளம்தானா என்று ஒருவர் கேட்டால், இல்லை என்பேன். கார்த்திகை மாலையில் கோயிலுக்குள் அர்த்தநாரீசுவரர் ஒரு கணம் வெளிப்பட்டு மறைய, மேலே எரியும் அந்தச் சுடரை அடியார்கள் இறைவனாகவே கும்பிடுகிறார்கள். அந்தச் சுடர் என்னைப் பற்றிய அறிவிப்பு அன்று, அவனைப் பற்றியது. அதை ஐயுற எனக்கு ஒரு காரணமும் இல்லை. நான் ஐயுறச் சொல்வது அந்தச் சுடரைக் கண்டு கை குவித்தபின் எனக்குள் எரியும் சின்ன விளக்கை.

கடைசியாக ஒன்று, இதைப் பேசுபவர்கள் குறைவு. லாக் விழுகிறதா என்று பார்ப்பவர்கள் அது விடுபடுகிறதா என்று பார்ப்பதில்லை. பூட்டிய ஆக்சிலோடு தார்ச்சாலையில் திரும்பினால் இரண்டு சக்கரங்களும் ஒரே தூரம் போகப் பிடிவாதம் பிடிக்கும். டயர் அலறித் தேயும், ஆக்சில் தண்டு முறுகும். பொத்தானை அணைத்தாலும் முறுக்கம் பற்களை இறுக்கிப் பிடித்திருக்கும். வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டினால்தான் விடும். இடரில் இறுகத் தெரிந்த பக்தி, வீட்டிலும் தெருவிலும் பிறர் தம் போக்கில் சற்று முந்தவும் பிந்தவும் இடம் கொடுக்கிறதா என்பதும் வெள்ளோட்டத்தில் பார்க்க வேண்டியதே. விரதம் இருப்பவர் வீட்டில் விரதம் இல்லாதவர்கள் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதா? பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே பாதையில் வெறுங்காலோடு நடக்கும்போது உள்ளோரம் நடப்பவரும் வெளியோரம் நடப்பவரும் ஒரே தூரம் நடப்பதில்லை. மூன்று மீட்டர் தள்ளி நடப்பவர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 19 மீட்டர் கூடுதலாக நடக்கிறார். முதியவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பேத்தி அந்த வித்தியாசத்தைத் தன் காலில் சரிசெய்துகொண்டே வருகிறாள். கை விடுவதுமில்லை, இழுப்பதுமில்லை. மேற்குப் பக்கத்தில் கால் கடுக்கத் தொடங்கும் நேரத்துக்கு அடி அண்ணாமலை வருகிறது. பிரம்மன் வழிபட்டதாகச் சொல்லும் கோயில் சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. அதற்குள் போய் வர வேண்டுமானால் கூட்டத்தின் வேகத்திலிருந்து விலகி, மலைப் பக்கமாகத் திரும்ப வேண்டும்.